தேடல் பதிவுகளை எண்ணுவதற்கு முன் வாசியுங்கள்

கேள்வி இது. திருகோணமலை மாவட்டத்துக்கான தகவல் தளம் ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறீர்கள். பஸ் நேரங்கள், பிரதேச செயலகப் படிவங்கள், க.பொ.த. கடந்தகால வினாத்தாள்கள், வைத்தியசாலை கிளினிக் நாட்கள், புறாத்தீவுப் படகுச் சேவை எனப் பலதும் அதில் இருக்கின்றன. தளத்தின் தேடற்பெட்டியில் மக்கள் எழுதியவை ஒரு வருடத்துக்கு மேலாகச் சேமிக்கப்பட்டுள்ளன. அதிகம் தேடப்பட்ட 100 சொற்களைப் பட்டியலாக எடுத்துப் பார்த்தும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. "மக்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை இந்தப் பதிவுகளிலிருந்து எப்படி அறிவது? எல்லாவற்றையும் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நூலகப் பட்டியல்களிலும் இதுபோன்ற தளங்களிலும் தேடல் வசதியைக் கட்டமைப்பதே பல வருடங்களாக என் தொழில். நீங்கள் கேட்டிருப்பது அதன் மையமான கேள்வி என்பதால் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த 100 சொற்களின் பட்டியலை ஒதுக்கிவையுங்கள். கோணேஸ்வரம், நிலாவெளி, கன்னியா, புறாத்தீவு, வினாத்தாள், பஸ் ஆகியவை அதில் மேலே நிற்கும் என்பதைப் பதிவேட்டைத் திறக்காமலே சொல்லிவிடலாம். எந்தத் தேடல் பதிவேட்டை எடுத்தாலும் அமைப்பு ஒன்றுதான். மிகச் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். எண்ணற்ற சொற்றொடர்கள் ஒரே ஒரு தடவை மட்டும் வரும். தன்னிடம் நாள்தோறும் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 சதவீதம் அதற்கு முன் ஒருபோதும் கண்டிராதவை என்று கூகுளே பல தடவை சொல்லியிருக்கிறது. உலகம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கே அப்படியென்றால், உங்கள் பதிவேட்டில் ஒரு தடவை மட்டும் வந்த வரிகள்தான் பெரும்பகுதியாக இருக்கும். தேவை தெளிவாகத் தெரிவதும் அங்கேதான். "கோணேஸ்வரம்" என்று மட்டும் எழுதியவர் பூசை நேரம் கேட்கிறாரா, வாகனம் எதுவரை போகும் என்று கேட்கிறாரா, சம்பந்தரின் பதிகத்தைத் தேடுகிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது. "கோணேஸ்வரம் சக்கர நாற்காலி போகுமா" என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தால், ஒரு வீட்டின் நிலைமையே அந்த வரியில் வந்துவிடுகிறது.

ஆகவே நான் சொல்ல வருவதன் சாரம்: எண்ணுவது இரண்டாவது வேலை. முதல் வேலை வாசிப்பது. அதுவும் தனித்தனி வரிகளாக அல்ல, ஒருவர் அடுத்தடுத்து எழுதியவற்றை ஒரு தொடராக வாசிப்பது.

அப்படி வாசிக்க வேண்டுமானால் பதிவேடு அதற்கேற்ற மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் தளம் தேடிய சொல்லையும் நாளையும் மட்டும் சேமிக்கிறது என்றால் இன்றே அதை மாற்றுங்கள். எழுதியது எழுதியபடியே வேண்டும். திருத்திய வடிவத்தை அட்டவணையின் வேறொரு நிரலில் வைத்துக்கொள்ளலாம். எத்தனை முடிவுகள் காட்டப்பட்டன, எத்தனையாவது முடிவு சொடுக்கப்பட்டது, அந்தப் பக்கத்திலிருந்து உடனே திரும்பி வந்தாரா, எந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு தேடினார் என்பவையும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் சேமிப்பதில்லை. பஸ் நேரப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவர் "கந்தளாய்" என்று தேடினால் அவருக்குக் கந்தளாய்க் குளத்தின் வரலாறு தேவையில்லை.

ஒருவர் ஒரு தேவைக்காக இட்ட தேடல்களின் தொடரை அமர்வு என்று சொல்வது வழக்கம். இரண்டு தேடல்களுக்கு இடையே 30 நிமிடங்களுக்கு மேல் இடைவெளி விழுந்தால் புதிய அமர்வு என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த வழக்கத்தின் வேர் 1995இல் வந்த ஓர் இணைய ஆய்வில் இருக்கிறது. அதில் கிடைத்த எல்லை 25.5 நிமிடங்கள். பிறகு வந்தவர்கள் அதை 30 ஆக்கிக்கொண்டார்கள். தொடங்குவதற்கு இது போதும். ஆனால் நம் ஊரில் ஒரே கைப்பேசியைத் தாயும் மகனும் மாறி மாறிப் பாவிப்பார்கள். பாடசாலைக் கணினி அறையிலிருந்து வரும் தேடல்கள் எல்லாம் ஒரே முகவரியிலிருந்து வந்தவை போலத் தெரியும். நேர இடைவெளியை மட்டும் நம்பாமல், பொருள் சட்டென்று மாறும் இடத்திலும் வெட்டுங்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். நானே அமைத்தது, ஆனால் இத்தகைய தொடர்களைத்தான் நீங்கள் காண்பீர்கள். ஒருவர் "பிறப்புச் சான்றிதழ்" என்று எழுதுகிறார். ஒரு முடிவைச் சொடுக்கி உடனே திரும்புகிறார். "பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பிரதி" என்று மாற்றுகிறார். இந்த முறை எதையும் சொடுக்கவில்லை. "பிறப்புப் பதிவு மூதூர்" என்று எழுதுகிறார். பிறகு போய்விடுகிறார். இந்த மூன்றையும் தனித்தனியே எண்ணினால் "சான்றிதழ்" என்ற தலைப்புக்கு மூன்று புள்ளிகள் கிடைக்கும், அவ்வளவுதான். தொடராக வாசித்தால் ஒரு மனிதர் தெரிகிறார். அவருக்குப் புதிய பதிவு தேவையில்லை, பிரதி தேவை. பிறந்தது மூதூரில், இப்போது இருப்பது வேறெங்கோ. எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்வியை அவர் ஒரு தடவைகூட அப்படியே எழுதவில்லை. தளத்துக்கு எது புரியும் என்று ஊகித்து ஊகித்துத் தன் தேவையைச் சுருக்கிக்கொண்டே போனார். தேடற்பெட்டியில் விழும் சொல் எப்போதும் இப்படிப்பட்ட ஒரு சமரசம்தான்.

எல்லா அமர்வுகளும் இவ்வளவு நீளமாக இருக்காது. 1998இல் அல்டாவிஸ்டா தேடுபொறியின் 6 வாரப் பதிவுகளை, ஏறத்தாழ 100 கோடி வேண்டுகோள்களை, ஆராய்ந்தவர்கள் 77 சதவீதமான அமர்வுகளில் ஒரே ஒரு தேடல்தான் இருந்தது என்று கண்டார்கள். ஒரு தேடலில் சராசரியாக 2.35 சொற்கள். 85 சதவீதமானோர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. காலம் மாறிவிட்டது, எண்களும் மாறியிருக்கும். என்றாலும் பெரும்பாலானோர் ஒரு தடவைதான் முயல்வார்கள் என்ற உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றாவது தடவை முயன்றவர்கள் அவ்வளவு அவசரத்தில் இருந்தவர்கள். அவர்களுடைய அமர்வுகளை முதலில் வாசியுங்கள்.

தேடலின் நோக்கத்தை வகைப்படுத்த நினைப்பவர்கள் எல்லோரும் போய் நிற்கும் இடம் கணினி விஞ்ஞானி அன்ட்ரே ப்ரோடரின் 2002ஆம் ஆண்டுக் கட்டுரை. தகவல் அறியத் தேடுவது, தெரிந்த ஒரு தளத்துக்குப் போகத் தேடுவது, ஒரு காரியத்தைச் செய்து முடிக்கத் தேடுவது என்று மூன்றாகப் பிரித்தார். அல்டாவிஸ்டா பதிவுகளை வாசித்தபோது அவருக்குக் கிடைத்த விகிதம் முறையே 48, 20, 30 சதவீதம். அதே தேடுபொறியில் பயனாளர்களிடமே நேரடியாகக் கேட்டபோது தகவலுக்காக வந்தவர்கள் ஏறத்தாழ 39 சதவீதமாகக் குறைந்தார்கள்; காரியத்துக்காக வந்தவர்கள் ஏறத்தாழ 36 சதவீதமாகக் கூடினார்கள். இரண்டு முறைகளும் ஒரே அளவைத் தரவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தகவல் கேட்பதுபோல் தோன்றும் சொல்லுக்குப் பின்னால் முடிக்க வேண்டிய ஒரு காரியம் இருக்கக்கூடும்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு விடயம் இருக்கிறது. பதிவேட்டிலிருந்து எழுமாறாக எடுத்த 1,000 தேடல்களில், ஆங்கிலமல்லாதவற்றையும் பாலியல் தொடர்பானவற்றையும் நீக்கிவிட்டு, மிச்சத்தில் முதல் 400ஐத்தான் அவர் வாசித்தார். இது குற்றச்சாட்டு அல்ல. தான் செய்ததை அவர் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். ஆனால் உலகம் முழுவதும் பாடமாகிவிட்ட அந்த மூன்று வகைகள், நம்மைப் போன்றவர்களின் தேடல்களை ஓரமாக வைத்துவிட்டுப் பிறந்தவை. அவற்றை அப்படியே உங்கள் பதிவேட்டின்மேல் ஒட்ட வேண்டியதில்லை. உங்கள் வகைகள் உங்கள் பதிவேட்டிலிருந்தே வரட்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். உங்கள் உழைப்பில் பாதி இங்கே போகும், போகவும் வேண்டும்.

முடிவு எதுவும் கிடைக்காத தேடல்களை மட்டும் தனியே எடுங்கள். என் அனுபவத்தில் பதிவேட்டின் மிகப் பெறுமதியான பகுதி அதுதான். அவற்றில் பெரும்பாலானவை உங்களிடம் இல்லாத விடயங்களாக இருக்கமாட்டா. இருப்பதையே கேட்டிருப்பார்கள், தளத்துக்குக் கேட்டிருக்காது. ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை, டிரிங்கோ என்று நான்கு வடிவங்கள் தமிழ் எழுத்திலேயே வரும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவர்கள் இன்னும் பல வடிவங்கள் தருவார்கள். சிங்கள எழுத்திலும் வரும். கோயிலை ஒருவர் கோணேஸ்வரம் என்பார், ஒருவர் கோணேச்சரம் என்பார், கோணேசர் கோயில் என்று எழுதுபவர் ஊர்க்காரர்.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள் பரவாயில்லை. தெரியாதவைதான் பெரும் தொல்லை. "கோ" என்ற எழுத்தைக் ககரத்துடன் ோ என்ற ஒரே குறியைச் சேர்த்தும் கணினியில் எழுதலாம்; ே, ா என்ற இரண்டு குறிகளைத் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கத்தைப் பதிவுகளுக்கும் பக்கங்களுக்கும் சேர்த்துச் செய்தால் இது தீரும். ஆனால் "ஸ்ரீ" அப்படித் தீராது. அதே வடிவத்தை ஸகரத்திலிருந்தும் எழுதலாம், ஶகரத்திலிருந்தும் எழுதலாம். இயல்பாக்கம் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதில்லை. ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி, ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரி என்று நம் ஊரின் பெரிய பாடசாலைகளின் பெயர்களிலேயே இந்த எழுத்து வருகிறது. பிள்ளை சரியாகத்தான் எழுதியிருக்கும்; தளம் "முடிவுகள் இல்லை" என்று சொல்லியிருக்கும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக எழுதுவதும் இதே மாதிரியானதுதான்.

இலங்கையில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு பழகியவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அலுவலகக் கணினிகளில் இருக்கும் பழைய ஆவணங்களும் அதிலேயே இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு தலைப்பைப் பிரதி எடுத்துத் தேடற்பெட்டியில் ஒட்டினால், பதிவேட்டில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த, வாசிக்க முடியாத ஒரு வரி விழும். குப்பை என்று நினைத்து இவற்றை முதல் நாளே அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். சுற்றறிக்கைகளையும் படிவங்களையும் தேடும் அரச ஊழியர்களும் ஆசிரியர்களும் அந்த வரிகளுக்குள் இருப்பார்கள்.

அடுத்தது வேற்றுமை உருபு. தமிழில் தேடல் வசதி செய்பவர்கள் பலரும் சொல்லின் பின்னொட்டுகளை வெட்டி வேர்ச்சொல்லை எடுப்பார்கள். பக்கத்தைக் கண்டுபிடிக்க அது தேவைதான். "கிண்ணியாவுக்கு" என்று தேடியவருக்குக் "கிண்ணியா" என்றிருக்கும் பக்கம் கிடைக்க வேண்டும். ஆனால் நோக்கத்தை அறிவதற்காகப் பதிவேட்டை வாசிக்கும்போது அந்தப் பின்னொட்டைத் தூக்கி எறிவது பெரும் இழப்பு. "நிலாவெளிக்கு" என்று எழுதியவர் போகப் போகிறார். "நிலாவெளியில்" என்று எழுதியவர் அங்கே எதையோ தேடுகிறார்: தங்குமிடம், சாப்பாடு, வைத்தியர். "நிலாவெளியிலிருந்து" என்றால் அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார், திரும்பும் வழி கேட்கிறார். வேறு பல மொழிகளில் தேடுபவர்கள் ஊர்ப்பெயரை வெறுமனே எழுதிவிட்டுப் போய்விடுவதால், ஆராய்ச்சியாளர்கள் மற்றத் தடயங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. நமக்கு மொழியே அந்தத் தடயத்தைச் சொல்லோடு சேர்த்துத் தந்துவிடுகிறது. பின்னொட்டு வாரியாக ஊர்ப்பெயர்களைப் பிரித்து ஓர் அட்டவணை போட்டுப் பாருங்கள். உங்கள் பஸ் நேரப் பக்கத்தை எப்படித் திருத்துவது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பொதுச் சொற்களிலும் கவனம் வேண்டும். நீங்கள் "வைத்தியசாலை" என்று எழுதியிருப்பீர்கள். மக்கள் "ஆஸ்பத்திரி" என்று தேடுவார்கள். தமிழ்நாட்டுப் பக்கங்களை வாசித்துப் பழகிய பிள்ளைகள் "மருத்துவமனை" என்பார்கள். "மாவட்டச் செயலகம்" என்று பெயர்ப்பலகையில் இருந்தாலும் வாயில் வருவது "கச்சேரி". இந்த இணைச்சொற்களை நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை, பதிவேடே தரும். ஒரே அமர்வில் ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்றி, பிறகு சொடுக்கியவர்களின் சொல் இணைகளை எடுங்கள். வெவ்வேறு சொற்களால் தேடி ஒரே பக்கத்தில் போய் முடிந்தவர்களையும் எடுங்கள். ஒரே பக்கத்துக்குக் கொண்டுபோகும் தேடல்கள் ஒரே பொருளைக் குறிப்பவை என்ற இந்த யோசனையை 2000ஆம் ஆண்டிலேயே லைகோஸ் தேடுபொறியின் பதிவுகளில் செய்து காட்டியிருக்கிறார்கள். சிறிய தளத்துக்கும் அது நன்றாகவே வேலை செய்கிறது.

ஊர்க்காரர் ஒருவர் வாசிக்காவிட்டால் விளங்காத தேடல்களும் உண்டு. "குறிஞ்சாக்கேணி பாதை" என்ற தேடலை வெளியூர்க்காரர் பார்த்தால் வீதி என்று வகைப்படுத்துவார். கிண்ணியாக்காரருக்குத் தெரியும், இங்கே பாதை என்றால் ஆட்களை நீருக்கு மேலால் ஏற்றிச் செல்லும் மிதவை. 2021 நவம்பர் 23ஆம் திகதி அந்தப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. அதற்கு முதல் நாள்வரை அந்தத் தேடலை இட்டவருக்கு வேண்டியது நேரமும் கட்டணமும். அன்று காலை அதே சொற்களை எழுதியவர் தன் உறவினரின் பெயரைத் தேடிக்கொண்டிருந்திருப்பார். எழுத்து ஒன்றுதான். நாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு தேடலின் பொருளை முடிவு செய்யவே முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

காலத்தை எப்போதும் பக்கத்தில் வையுங்கள். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் "புறாத்தீவு" என்றால் படகும் அனுமதிச்சீட்டும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அதே சொல்லுக்கு "இப்போது போகலாமா" என்று பொருள். க.பொ.த. பரீட்சைகள் அண்மைய வருடங்களில் மாதம் மாறி மாறி நடந்திருப்பதால், வினாத்தாள் தேடல்களைச் சென்ற வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். பரீட்சைக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்ற கணக்கில் ஒப்பிடுங்கள்.

திடீர் உயர்வுகளைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். தேடல்களிலிருந்து இன்ஃப்ளுவென்சாப் பரவலைக் கணிக்கலாம் என்று கூகுள் 2008இல் ஒரு சேவையைத் தொடங்கியது. 2012-13 பருவத்தில் அது உண்மை நிலையைவிட மிக அதிகமாகக் காட்டியது. 2015இல் நிறுத்திவிட்டார்கள். நோய் வந்தவர்கள் மட்டுமல்ல, நோயைப் பற்றிய செய்தியைக் கேட்டவர்களும் தேடுகிறார்கள். 2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு என்று சந்தேகிக்கப்பட்டது. கிண்ணியா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அப்படி ஒரு காலத்தில் "டெங்கு அறிகுறி" என்ற தேடல் உயர்ந்தால், அது நோயின் அளவு என்று சொல்ல முடியாது. பயத்தின் அளவு என்று சொல்லலாம். பயத்துக்கும் பதில் தேவை. எந்த நாளில் இரத்தப் பரிசோதனை, எப்போது உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பதை வைத்தியர்களிடம் கேட்டு முதற்பக்கத்தில் போடுங்கள். நோயாளர் எண்ணிக்கையைச் சுகாதாரத் துறையிடமிருந்து எடுங்கள்.

சொடுக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. முதலாவது முடிவு அதிகம் சொடுக்கப்படுகிறது என்பதால் அது சிறந்தது என்று ஆகாது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கண்ணசைவைப் பதிவு செய்து நடத்திய சோதனையில் முடிவுகளின் வரிசையை இரகசியமாகத் தலைகீழாக்கினார்கள். அப்போதும் மேலே இருந்தவற்றுக்கே சொடுக்குகள் சாய்ந்தன. சொடுக்காமல் போனவர் எல்லோரும் ஏமாந்தவர்களும் அல்லர். நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது முடிவின் கீழ் வரியிலேயே தெரிந்தால் அவர் ஏன் சொடுக்க வேண்டும்? ஒரு பக்கத்தில் 30 வினாடிகளுக்கு மேல் இருந்தால் திருப்தி என்று பல ஆய்வுகள் கணக்கிடுகின்றன. பஸ் நேரத்தை 5 வினாடியில் பார்த்துவிட்டு ஓடுபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒவ்வொரு வகைப் பக்கத்துக்கும் வெற்றி எப்படித் தோன்றும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். அமர்வுகளிலிருந்து எழுமாறாக 200 எடுங்கள். சொற்களிலிருந்து அல்ல, அமர்வுகளிலிருந்து. மழைக்காலம், கடற்காலம், பரீட்சைக் காலம் மூன்றிலிருந்தும் வரட்டும். தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து இரண்டும் வரட்டும். இருவர் தனித்தனியே உட்கார்ந்து, ஒவ்வோர் அமர்வுக்கும் பக்கத்தில் "இவருக்கு வேண்டியது இது" என்று ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும். ஒற்றைச்சொல் வகைப்பெயர் கூடாது. வாக்கியமாக எழுதும்போதுதான் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள நேரும். இருவரில் ஒருவர் நகரத்துக்காரராக இருந்தால் மற்றவர் மூதூரையோ கிண்ணியாவையோ தம்பலகாமத்தையோ சேர்ந்தவராக இருப்பது நல்லது. பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போன இடங்களிலிருந்து வகைகள் தாமாகவே திரளும். மாறுபட்ட இடங்களில்தான் தளம் பயனாளரிடம் திருப்பிக் கேட்க வேண்டும்: "பிரதியா, புதிய பதிவா?" இதற்குப் பிறகு எண்ணத் தொடங்குங்கள். இப்போது எண்களுக்குப் பொருள் இருக்கும்.

இந்தப் பதிவேட்டில் இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். கூகுளிலிருந்து நேரே உங்கள் பக்கத்துக்கு வந்துவிடுபவர்கள் தேடற்பெட்டியைத் தொடுவதே இல்லை. அவர்கள் இட்ட சொற்கள், தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் சேவையான கூகுள் சேர்ச் கன்சோலில் 16 மாதங்கள்வரை கிடைக்கும். ஆனால் மிகச் சிலர் மட்டும் இட்ட தேடல்களை அது தனியுரிமைக்காக மறைத்துவிடும் என்பதால், அரிய தேவைகளை அங்கே காண முடியாது. ஒரு தடவை தேடி எதுவும் கிடைக்காமல் போய், பிறகு வராமலே விட்டவர்கள் அந்த ஒரு வரிக்குப் பிறகு எந்தப் பதிவிலும் இல்லை. கைப்பேசியில் எழுதத் தெரியாதவர்கள் அடியோடு இல்லை. அவர்கள் கேட்கும் கேள்விகள் பஸ் நிலைய நேரக் கணிப்பாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் வைத்தியசாலை வாசலில் நிற்பவருக்கும் தெரியும். ஒரு நாள் போய் அவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள். பதிவேட்டில் ஒரு தடவைகூட வராத கேள்விகள் அந்தத் தாளில் இருக்கும்.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விடயம். 2006 ஓகஸ்டில் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் ஆராய்ச்சிக்கென்று ஏறத்தாழ 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. ஆறரை இலட்சம் பேர் மூன்று மாதங்களில் இட்டவை. பெயர்களை நீக்கி எண்களைக் கொடுத்திருந்தார்கள். சில நாட்களுக்குள் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையாளர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் வாசித்து, ஜோர்ஜியா மாநிலத்தில் இருந்த ஒரு முதிய பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அத்தனை பெரிய நாட்டிலேயே அது முடிந்தது. நம்முடையது எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர். சல்லி என்ற ஊர்ப்பெயர், ஒரு பாடசாலையின் பெயர், ஒரு நோயின் பெயர் ஆகிய மூன்றும் ஒரே அமர்வில் வந்தால் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க யாருக்கும் பத்திரிகையாளர் தேவையில்லை. அமர்வாக வாசியுங்கள் என்று நானே சொல்கிறேன். அமர்வுதான் ஆளை அதிகம் காட்டிக்கொடுப்பதும். ஆகவே வாசிப்பவர்கள் இருவர் மட்டும் இருக்கட்டும். அந்தக் கோப்பு அவர்களின் கணினியைத் தாண்டக் கூடாது.

தேடற்பெட்டியில் மக்கள் தேசிய அடையாள அட்டை எண்ணையும் எழுதுவார்கள், தொலைபேசி எண்ணையும் எழுதுவார்கள். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய வடிவத்தையும் பன்னிரண்டு இலக்கப் புதிய வடிவத்தையும் சேமிக்கும் முன்பே தளத்தின் மென்பொருள் தானாக மறைத்துவிட வேண்டும். பலர் இடாத எந்தத் தேடலையும் அறிக்கையிலோ கூட்டத்திலோ அப்படியே காட்டாதீர்கள். பொருளை மட்டும் சொல்லுங்கள். வாசித்து முடித்த மூலப் பதிவுகளை இத்தனை மாதங்களில் அழிப்போம் என்று ஒரு விதி வைத்து, அதைத் தளத்திலும் எழுதிவிடுங்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சிறிய தளம் என்பதால் அதை வாசிக்காமல் விடலாம் என்று நினைக்க வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: கொடுக்கலாம், ஆனால் நீங்கள் வாசித்து முடித்த பிறகு. மூலப் பதிவுகளை வெளிநிறுவனத்தின் சேவை எதிலும் ஏற்ற வேண்டாம். அடையாளங்களை நீக்கி, அமர்வு எண்களை அகற்றி, நாளுக்குப் பதிலாக மாதத்தை மட்டும் வைத்து ஒரு பிரதி தயாரியுங்கள். இருவரும் கையால் எழுதிய 200 வாக்கியங்கள் உங்களிடம் இருக்கின்றன அல்லவா? அவற்றில் ஒரு பகுதியை மாதிரியாகக் காட்டி, மிச்சத்தைச் செயலி எப்படி வகைப்படுத்துகிறது என்று பாருங்கள். மொத்தத்தில் எத்தனை சரி என்று மட்டும் பார்க்காமல், தமிழ் எழுத்தில் வந்தவற்றில் எத்தனை, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில் எத்தனை, நம் பக்கத்து வழக்குச் சொற்களில் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். எந்தப் பிரிவில் தடுமாறுகிறதோ அந்தப் பிரிவைக் கையாலேயே தொடருங்கள். முதல் சுற்றுக்கு முடிவு கிடைக்காத தேடல்களை மட்டும் எடுத்துக்கொண்டால், இரண்டு பேர் சில மாலைப்பொழுதுகளில் வாசித்துவிடக்கூடிய அளவுதான் இருக்கும். எழுத்து வேறுபாடுகளைச் சீராக்கி, இணைச்சொற்களைச் சேர்த்துவிட்டு, அதே தேடல்களை மறுபடி தளத்தில் ஓட்டிப் பாருங்கள். இன்னும் வெறுமையாகவே திரும்புபவைதான் நீங்கள் புதிதாக எழுத வேண்டிய பக்கங்கள்.